முடிச்சுக்கு மேலே

முனிர்கா, தில்லி
மார்ச் 27, வெள்ளி

அன்பு மகள் மதுவுக்கு,

அப்பாவும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஓசூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நீ ஏழாவது படிக்கும்போது, நான் ரோஜாவுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டாய், ரெண்டு செடியச் சேத்துக் கட்டிட்டா அப்புறம் அதுக்கு யாரு பேருப்பா என்று. மேலே இருக்கிற செடியின் பெயர்தான் என்றேன். கீழே இருப்பது காட்டு ரோஜா, அது வேரை மட்டும் கொடுக்கும், பஸ் எந்த டிப்போவுடையதாக இருந்தால் என்ன, போர்டில் எழுதிய ஊருக்குத்தானே போகிறோம் என்று உதாரணமும் சொன்னேன். நீ விடவில்லை. மேல உள்ளது செத்துப் போச்சுன்னா என்றாய். பார்த்துக்கொண்டால் சாகாது என்று சொல்லி உன்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டேன். பதினெட்டு வருஷம் கழித்து, இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது மது.

அன்று பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன், ஜன்னலுக்குக் கீழே நம் ப்ரீதா ரோஜா பூத்திருக்கிறது. தேய்த்த பித்தளைச் சொம்பு நிறத்தில், கொய்யாப்பழ வாசனையோடு, ஒரு கிளைக்கு ஒரு பூவாகத் தலை நிமிர்ந்து நிற்குமே, அது இல்லை. விரல்நகம் அளவு வெள்ளைப் பூக்கள், ஐந்தே இதழ், கொத்துக் கொத்தாக. முதலில் பக்கத்து வேலியிலிருந்து எதுவோ படர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கையால் விலக்கினேன், விலக்க விலக்க அந்தச் செடியேதான். பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியாது. காலனி பூங்காவில் வேலை செய்யும் மாலி பன்வாரி வந்து ஒரு பார்வை பார்த்தான், அரே மாஸ்டர்ஜி, யே தோ ஜங்க்லி ஹை என்றான். காட்டு ரோஜா. மண்ணைத் தோண்டினோம். ஒட்டுப் போட்ட முடிச்சு கறுத்துக் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. அது செத்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

கொன்றது நான். கிட்வாய் நகர் ராமச்சந்திரன் சார் பால்கனியில் இரண்டு ரோஜாக்களைக் கலந்து, விதைத்த நாற்பதில் பிழைத்த ஒன்றே ஒன்றை வளர்த்து, தன் மகள் ப்ரீதாவின் பெயரை வைத்தார் என்பது உனக்குத் தெரியும். நாலு வருஷம் முன்பு ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, அதிலிருந்து ஒட்டிய இரண்டில் அவர் ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுபோனார், ஒன்றை எனக்குக் கொடுத்தார், அதிலிருந்து நான் ஒட்டிய ஒன்று உன்னோடு ஓசூருக்கு ரயிலேறியது. சென்னையில் உப்புத்தண்ணீர் பட்டு அவருடையது போய்விட்டது. போன மே மாதம் லூ என்கிற அனல்காற்று அடித்தபோது வேர் காயக் கூடாதென்று சாணமும் சருகுமாக ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டினேன், முடிச்சு அதற்குள் புதைந்து போனது. அக்டோபரில் கவாத்து செய்ய உட்கார்ந்தால், இரண்டு தண்டு மெலிந்து சாம்பல் பூத்திருந்தது, இரண்டு தண்டு பச்சைப்பசேலென்று என் தோளுக்கு வந்திருந்தது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியது போலத்தான் தெரிந்தது. மெலிந்ததுதான் ப்ரீதா என்று தெரியாமல் அதைத் தரையோடு வெட்டினேன். அன்றைக்கே பன்வாரி, மாஸ்டர்ஜி, மோட்டாவாலா காட்டோ என்று பருத்ததைக் காட்டி, அதை வெட்டச் சொன்னான். முப்பத்தொரு வருஷம் இதைப் பாடமாக நடத்தியவன் பையா நான் என்று அவனுக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவனும் அச்சாஜி அச்சாஜி என்று கேட்டுக்கொண்டான். கரும்பலகையில் முடிச்சைப் போட்டு, அதற்குக் கீழே வருவதைக் கிள்ளிவிட வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! அந்தப் பச்சைத் தண்டில் ஒரு காம்புக்கு ஐந்து இலைக்குப் பதில், காட்டு ரோஜாவுக்கு உள்ளபடி ஏழு இருந்திருக்கிறது. ஐந்து மாதமாகத் தினமும் அந்த இலைகளைப் புரட்டிப் பூச்சி தேடினேன், எண்ணிப் பார்க்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஒரு பூ இல்லை, அப்போதும் செடி உடம்பு பிடிக்கிறது என்றுதான் பூரித்தேன். அம்மா முதலில், அஞ்சு மாசமா முள்ளுக்குல்லா சாணிப்பால் ஊட்டியிருக்கிய என்று சிரித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

இதோடு போகவில்லை. அந்தப் பச்சைத் தண்டிலிருந்து குச்சி வெட்டி, ப்ரீதா என்று என் கையால் சீட்டு எழுதிக் கட்டி, பதினோரு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். மோதி பாக் வைஷ்ணவி டீச்சர் அதை மகள் கிரகப்பிரவேசத்தில் வைத்தாராம். பதினோரு பேருக்கும் புதன்கிழமையே சொல்லிவிட்டேன், சீட்டைக் கழற்றிவிடுங்கள், அது அவள் இல்லை என்று. ராமச்சந்திரன் சாருக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. மாதம் ஒருதரம் போன் செய்து, என்ன சார், எம்பொண்ணு எப்படி இருக்கா, அடம் பிடிக்கிறாளா என்று கேட்பார், நானும் ராஜாத்தி மாதிரி வளர்கிறாள் என்று சொல்லி வந்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் ஒட்டுக்குக் குச்சி வாங்க நேரில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே அவரிடம் சொல்லத்தான் போகிறேன், எதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் உன்னிடமிருந்து எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

பொங்கலன்று வீடியோவில் உன் ப்ரீதா ஜாடியைக் காட்டினாய். ஒரு பக்கம் செழித்த தண்டு, ஒரு பக்கம் நோஞ்சான் குச்சி, அதில் நாலு மஞ்சள் இலை. என்னப்பா செய்ய என்று கேட்டாய். நான், இந்த நான்தான், நோஞ்சானை வெட்டி எறி, அது சத்தை உறிஞ்சுகிறது என்றேன். நீ சனிக்கிழமை பண்றேம்பா என்றாய். அந்த நோஞ்சான்தான் இனி மிஞ்சியிருக்கிற ஒரே ப்ரீதாவாக இருக்கலாம். அந்தச் சனிக்கிழமை வந்ததா மது? மூன்று நாளாக இதைக் கேட்கத்தான் போன் எடுக்கிறேன், எடுத்ததும் சாப்பிட்டாயா, வெயில் எப்படி என்று வேறு எங்கோ போய்விடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன், அம்மா இதைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பிவிடுவாள், தாள் தபாலில் வரும். காஸ் புக் பண்ணுவதையும் பல் டாக்டரிடம் போவதையும் நீ தள்ளிப் போடுவதற்கு உன்னை எத்தனை திட்டியிருப்பேன், இந்த ஒரு காரியத்தையும் தள்ளிப் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது நம் முருகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்டியிருந்தாலும் உன் மேல் குற்றம் இல்லை, என் பேச்சைக் கேட்டாய், அவ்வளவுதான். அழாதே, என்னிடம் உள்ளபடி சொல்.

நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனசோடு இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உண்டு. பல் டாக்டரை மறந்துவிடாதே.

உன் அப்பா,
மு. சிவஞானம்

பி.கு. இதைப் படித்ததும் ஜாடியிடம் போ. கத்தரியைத் தொடாமல், விரலால் மண்ணை விலக்கி முடிச்சைக் கண்டுபிடி, அதற்கு மேலே பச்சையாக ஏதாவது இருக்கிறதா என்று பார்.