மூடிய தறிக்குழி

சந்தவாசல்
14.2.1999

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் முடிந்ததும் நீங்கள் போட்ட கடிதத்துக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பாப்பாவுக்குக் கழுத்து நின்றுவிட்டது. தூங்கும்போது உங்களைப் போலவே புருவத்தைச் சுளிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, "எப்ப ஊட்டுக்கு வர்ற?" என்று கேட்டீர்கள். அப்பா, அம்மா, சித்தி எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த மாசம்" என்றேன். அதற்கு முன்பு வந்தபோதும் அதையேதான் சொன்னேன். நீங்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினீர்கள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பி.காம். படித்தவளுக்குத் தறிக்காரன் வீடு கசக்கிறது என்று அத்தை சொல்வதாகக் கேள்வி. அது இல்லை மாமா. நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பேர் வைக்க ஆரணிக்கு வந்த அன்று, நீங்கள் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தீர்கள். நான் பாப்பாவோடு பக்கத்தில் நின்றேன். இவளை இந்தக் குழிக்குள் போட்டுவிடுவேனோ என்று திடீரென்று ஓர் எண்ணம். கை தவறி இல்லை. நானே, வேண்டுமென்றே. அன்றிலிருந்து அந்தக் குழி இருக்கும் வீட்டுக்கு வரவே பயமாக இருக்கிறது.

பெற்ற தாய்க்கு இப்படித் தோன்றுமா? படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். என்னை வெறுத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
பரிமளா


ஆரணி
3.3.1999

அன்புள்ள பரிமளாவுக்கு,

ஜெயக்குமார் எழுதுவது. உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, சட்டைப் பையில்தான் இருக்கிறது. இதற்காகவா இத்தனை நாள் பயந்தாய்? குழியை மூடிவிட்டேன்.

தறியில் இருந்த சேலையை முடித்து அறுத்ததும் தறியைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றினேன். குழியில் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, மேலே சிமெண்டும் பூசியாயிற்று. இனி பாப்பா நடுக்கூடத்தில் உருண்டு விளையாடலாம். "சோறு போடற குழில மண்ண அள்ளிப் போடறியே, உனக்கு பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று அம்மா கத்தினாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எதிர்வீட்டு ரங்கசாமி அண்ணன் சும்மா இருப்பாரா? "என்னாடா ஜெயா, காலேஜ் படிச்ச பொண்டாட்டி தறிய தூக்கிப் போடுன்னாளா?" என்றார். "ஊட்ல எடம் பத்தலண்ணே" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போது சக்கரவர்த்தி முதலாளியின் பவர்லூம் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறேன். அந்தச் சத்தத்தில் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் காது இரைகிறது. பழகிவிடும். இனி வந்துவிடுவாய் அல்லவா?

ஜெயக்குமார்


சந்தவாசல்
16.3.1999

அன்புள்ள மாமாவுக்கு,

நான் எழுதியதை நம்பி, ஒரு வார்த்தை கேட்காமல் தறியைப் பிரித்திருக்கிறீர்கள். இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் பாப்பாவுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அதே எண்ணம் அங்கேயும் வந்தது. பாப்பாவை அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அது குழியில் இல்லை மாமா. என்னிடம்தான் இருக்கிறது. அநியாயமாக உங்கள் தறியை மூட வைத்துவிட்டேன்.

அம்மா, "புள்ள பெத்தவளுக்கு காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனாள். அங்கே நின்றபோது பிரிஸில்லா சிஸ்டர் நினைவுக்கு வந்தார். ஆரணியில் நான் மாசமாக இருந்தபோது ஊசி போட்ட நர்ஸ், அவர்தான். "ஒடம்புக்கு மட்டும் இல்லமா, மனசு சரியில்லன்னாலும் வா" என்று சொல்லியிருந்தார். எனக்காக அவரைப் போய்ப் பார்ப்பீர்களா? பொம்பளை விஷயம், ஆம்பளை எப்படிக் கேட்பது என்று இருந்துவிடாதீர்கள். எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை.

உங்கள்,
பரிமளா


ஆரணி
30.3.1999

அன்புள்ள பரிமளாவுக்கு,

சிஸ்டரைப் பார்த்தேன். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கொஞ்சமும் அதிர்ச்சி அடையவில்லை. "பிரசவத்துக்கு அப்புறம் நெறைய பேருக்கு வர்றதுதாங்க. வெளிய சொல்லாம உள்ளுக்குள்ளயே வெந்துகினு இருப்பாங்க. உங்க சம்சாரம் சொன்னாங்களே, அதுவே பெருசு" என்றார். வேலூரில் ஒரு டாக்டருக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அதோடு விட்டாரா? "ஞாயித்துக்கிழம பள்ளிக்கூடத்துல தாய்சேய் கூட்டம் நடத்தறேன், வாங்க. இந்த தடவ புருஷனுங்கள மட்டுந்தான் கூப்ட்டிருக்கேன். பொம்பளைங்களுக்கு சொல்லிச் சொல்லி என் தொண்டதான் போச்சு. ஊட்டுக்குப் போனா காது குடுக்க ஆளில்ல" என்றார்.

பள்ளிக்கூட வாசலிலேயே ரங்கசாமி அண்ணன் பிடித்துக்கொண்டார். "பொம்பள கூட்டத்துக்கா போற? நீயும் பால் குடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே சிஸ்டர், "கொழந்த பொறந்தப்புறம் உங்க சம்சாரம் எதுக்கு பயந்தாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அமல்ராஜ் வாத்தியார் மட்டும், "என் சம்சாரம் பல்லிய பாத்தா பயப்படுவாங்க" என்றார். ஒரே சிரிப்பு.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழுந்துவிட்டேன். தறியை ஏன் மூடினேன், மூடியும் ஏன் பயம் போகவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே இருந்து ரங்கசாமி அண்ணன் குரல் வந்தது. "சிஸ்டர், என் சம்சாரங்கூட கொழந்த பொறந்ததுலேர்ந்து அருவாமனையத் தொடவே மாட்டேங்கறா. சோம்பேறின்னு நான் திட்டிகினே இருந்தேன்."

"உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்றார் சிஸ்டர்.

உன்னைக் கேட்காமல் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். தப்பா? கோபம் இருந்தாலும் எழுது. சனிக்கிழமை வருகிறேன், வேலூர் போகலாம். உன் அம்மாவிடமும் என் அம்மாவிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

ஜெயக்குமார்


சந்தவாசல்
6.6.1999

அன்புள்ள மாமாவுக்கு,

வாரா வாரம் பார்த்துக்கொள்கிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். சில விஷயம் எனக்கு எழுதினால்தான் வருகிறது.

கூட்டத்தில் என் விஷயத்தைச் சொன்னதற்கு முதலில் கோபம்தான். ஊர் முழுக்கப் பேசுமே என்று அன்று சாப்பிடவே இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனிமேல் கேளுங்கள். ஆனால், எங்கள் தெருவில் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றுகூட வெளியே சொல்லாத ஆண்கள் இருக்கிறார்கள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். கோபத்துக்கு மேலே பெருமை ஏறி உட்கார்ந்துகொண்டது.

வேலூரில் டாக்டரம்மா, "இந்த எண்ணத்தப் பாத்து நீங்க நடுங்கறீங்களே, அதுலயே தெரியலயா உங்களுக்கு அதுல இஷ்டமில்லன்னு?" என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்று நான் உள்ளே பேசிக்கொண்டிருந்தேன். வெளியே பாப்பாவுக்கு நீங்கள் துணி மாற்றுவதைப் பார்த்த ஒரு கிழவி, "அய்யோ பாவம், தாயில்லாத கொழந்தயா?" என்று உச்சுக்கொட்டினாளாம். "இருக்காங்கம்மா, உள்ள பேசிகினு இருக்காங்க" என்றீர்களாம். நம்மோடு வந்திருந்த சிஸ்டர் சொல்லிச் சிரித்தார்.

மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்கிறேன். இப்போதும் எப்போதாவது அந்த எண்ணம் வருகிறது. நம் ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி அதுபாட்டுக்குப் போய்விடுகிறது. நேற்று கிணற்றடியில் பாப்பாவை நானே குளிப்பாட்டினேன். அம்மாவைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்களோடு உட்கார்ந்து பேச ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா என்று சிஸ்டர் கேட்டார். ரங்கசாமி அண்ணன் மனைவி கண்ணகி அக்காவும் என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். போகட்டுமா என்று கேட்கவில்லை மாமா. போகிறேன் என்று சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. குழியைத் தோண்டுங்கள். உங்கள் காது பவர்லூமில் இரைந்துகொண்டிருக்க, நான் சிமெண்ட் தரையில் நிம்மதியாக உட்கார மாட்டேன். நீங்கள் நெய்யுங்கள், நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறேன். பயம் வந்தால் வாய்விட்டுச் சொல்கிறேன். சொன்னால் தறியை நிறுத்துங்கள். அது போதும்.

உங்கள்,
பரிமளா


ஆரணி
20.6.1999

அன்புள்ள பரிமளாவுக்கு,

இனிமேல் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். இந்த முறை மட்டும் உன்னைக் கேட்காமல் தெருவிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு.

சிமெண்டை உடைக்கக் கடப்பாரையோடு வந்தவர் ரங்கசாமி அண்ணன்தான். சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் நின்றது. "மூடறான், தோண்டறான், இவனுக்கு புத்தி கித்தி பெசகிப்போச்சா?" என்றார்கள். இடம் பத்தவில்லை என்று இந்த முறை மழுப்பவில்லை. "என் சம்சாரத்துக்கு மனசு சரியில்லாம இருந்துது, மூடினேன். வைத்தியம் பண்ணிகினு தேறிகினு வர்றா. அவளே தோண்டுன்னு சொல்றா, தோண்டறேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்கூடையைத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவர வருகிறேன். குழி இன்னும் முடியவில்லை, ஓரம் வெட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய அளவில் நான் ஒருத்தன்தான் கால் விட முடியும். இந்த முறை ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அகலத்துக்குத் தோண்டுகிறேன்.

உன்,
ஜெயக்குமார்