அழைத்தால்தான் வரும் ஊர்

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் கத்தரிக்கோல் தேடி மேசை டிராயரைத் திறந்தேன். கைக்கு அகப்பட்டது உங்கள் இஞ்சு டேப். மஞ்சள் நிறம் மங்கி, முதல் மூன்று இஞ்சுக்கு எண்களே அழிந்துவிட்டன. தையல் மிஷின் எண்ணெய் வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாளை நம் பண்பாட்டுத் தகவல் மையத்துக்கு ஆண்டு விழா. தலைக்கு மேல் வேலை கிடக்க, டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு.

நான் அவிநாசிக்காரி. ஆற்றுக்கு நடுவே தீவு, பரிசலில் போய் இறங்கவேண்டும், நூலகம் என்பது ஒன்றரை அறை என்று கேட்டதும், ஈரோட்டுக்கு மாற்றல் கிடைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்றுதான் நூலகர் வேலைக்கு வந்தேன். முதல் நாளே எதிர்வீட்டிலிருந்து கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். புத்தகம் கேட்கவில்லை. "ஏனம்மணி, சோறு உண்டாச்சா?" என்று கேட்டீர்கள். மாற்றல் ஆசை பாதி அன்றைக்கே போய்விட்டது.

மையம் உங்கள் யோசனைதான். கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் வள்ளிக்கும்மியைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தார்கள். நான் அலமாரி முழுக்கத் தேடிவிட்டுக் கையை விரித்தேன். அவர்களைப் பரிசல் ஏற்றிவிட்டுத் திரும்பினால் நீங்கள் கொதித்துக்கொண்டிருந்தீர்கள். "பொறத்தாலத் தெருவுல வாரம் தவறாம ஆடறாங்க. அதக் கேட்டு வந்தவங்களச் சும்மா அனுப்பிப்போட்டியே அம்மணி!" அன்று மாலையே, பழைய செய்தித்தாள் கட்டுகள் கிடந்த பக்கத்து அரை அறையை அளந்து, மேசை இங்கே, போட்டோப் பலகை அங்கே என்று தையல் சாக்பீஸால் தரையில் கோடும் போட்டுவிட்டீர்கள்.

மேலதிகாரி ஒரு நிபந்தனை வைத்தார். திறப்பு நாளில் நேரில் வந்து பார்ப்பார். ஊர் திரண்டு வந்தால் அறை மையத்துக்கு. வராவிட்டால் அலுவலகத்துப் பழைய காகிதங்களைக் கொட்டிவைக்க அது கிடங்காகிவிடும். நானும் சும்மா இருக்கவில்லை. பழைய பொருள், போட்டோ இருந்தால் எடுத்துவரச் சொல்லி ஊர் வாட்ஸ்அப் குழுவில் வண்ண அழைப்பிதழைப் போட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நம்பி நாற்பது நாற்காலி போட்டேன்.

அதிகாரி வந்துவிட்டார். நாற்பதும் காலி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, நான் நேராக இருந்த நாற்காலிகளையே மறுபடி நேராக்கினேன். நீங்கள் என்னை வாசலுக்கு இழுத்துப்போய்க் காதோடு கேட்டீர்கள்.

"ஊடு ஊடாப் போயிக் கூப்பிட்டியா?"

"வாட்ஸ்அப்புல போட்டனேக்கா. எல்லாரும் பாத்துட்டாங்க."

"அட கெரகமே! அதுல சேதி தெரியும். கூப்பிட்டதா ஆகுமா? அங்க பாரு."

பார்த்தேன். பட்டுச் சேலையும் தலையில் பூவுமாகத் தெருவெல்லாம் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் சலவை வேட்டியோடு வேப்பமரத்தடியில் நின்றார்கள். கையில் மஞ்சப்பை, துணி சுற்றிய போட்டோ. ஒரு ஊரே கிளம்பித் தயாராக, ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. அவிநாசியில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த முறை தெரியாதா என்ன? கைபேசி கைக்கு வந்ததில் மறந்தே போய்விட்டேன்.

"வெத்தல பாக்குத் தட்ட எடுத்துட்டு ஓடு. இவர நான் பாத்துக்கறேன்."

நான் தட்டோடு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் உங்கள் குரல் கேட்டது. "ஏனுங்க சார், சட்டை தோள்ல இழுக்குதுங்களே. ஆருங்க தெச்சது? செத்த நில்லுங்க, அளவெடுத்துக்கறேன்."

ஒவ்வொரு வாசலிலும் தட்டை நீட்டி, "வந்துருங்க" என்றேன். "இதா வாரேனுங்க" என்று எழுந்தார்கள். ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. நான் திரும்பியபோது அதிகாரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மணிக்கட்டு வரை அளவெடுத்துவிட்டு, தோளிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தீர்கள். நாற்காலி போதவில்லை. பரிசல் துடுப்பு, கும்மிப் பாட்டு நோட்டு, வெள்ளத்தில் கூரைமேல் ஆடு நிற்கும் போட்டோ என்று மேசை நிறைந்தது. அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் அவர் சட்டையும் தயாரானது. அது கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததை நாம் இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை.

தை மாதம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். எதிர்வீட்டு மிஷின் சத்தம் இல்லாமல் நூலகம் ரொம்பவே அமைதியாக இருக்கிறது. நூலகத்தில் அமைதி எனக்குப் பிடிக்காமல் போனது உங்களால்தான் அக்கா.

இந்த முறை நான் வாட்ஸ்அப் பக்கமே போகவில்லை. இன்று மாலை தட்டை எடுத்துக்கொண்டு ஒரு வீடு விடாமல் அழைத்தேன். உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மருமகளிடம் சொன்னேன். கிளம்பப் பார்த்த நான் நின்று, மூடி வைத்திருந்த மிஷின் மேல் ஒரு வெற்றிலையும் பாக்கும் வைத்து, "அக்கா, நாளைக்குக் காலைல வந்துருங்க" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது.

உங்கள் மருமகள் சிரிக்கவில்லை. "வராம இருப்பாங்களா? நீங்கதான் ஊட்டுக்கே வந்து கூப்பிட்டுப்போட்டீங்களே" என்றாள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலியில் இஞ்சு டேப்பை வைத்து இடம் பிடித்திருக்கிறேன். வந்துருங்க.