அடுப்பு ஆறிப்போச்சு

தம்பி,

போன வாரம் என் மகளின் கேக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். சின்னக் கடைகளாகப் பார்த்துப் போய், கரண்டுச் செலவையும் கார்பனையும் எப்படிக் குறைப்பது என்று சொல்லித் தருவது அவள் வேலையாம். பை நிறையக் கருவிகள் வைத்திருந்தாள். ஆனால் அவற்றை வெளியே எடுப்பதற்கு முன், ஓவன் கதவின் ஓரத்தில் வெறும் புறங்கையை வைத்து மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் கை நின்றது. "இங்கதான் ஆன்ட்டி சூடு வெளிய போவுது," என்று ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னாள்.

 எழுபதுகளில் ஒரு காலை, கூலிம் பட்டணத்தில் என் ரொட்டி அடுப்பின் முன்னால் நீயும் இப்படித்தான் புறங்கையை நகர்த்தினாய். "இங்கதான்க்கா போவுது," என்று இதே மாதிரிதான் சொன்னாய்.

நீ விறகு விற்க வந்தவன். பாடாங் மேஹா பக்கம் ரப்பர் தோட்டங்களில் மறுநடவுக்காகச் சாய்த்த கித்தா மரங்களைத் துண்டு போட்டு, ஒரு பழைய லோரியில் ஏற்றிக்கொண்டு வருவாய். என் அடுப்பு, எதிர்வரிசையில் கோப்பி வறுக்கிற கடை, டோபிக் கடையின் வெந்நீர்க் கொப்பரை என்று எங்கள் தெருவில் பாதி நெருப்பு உன் விறகில்தான் எரிந்தது. டீசல் எண்ணெய் விலை ஏறி, கூடவே எல்லாச் சாமானும் ஏறிய காலம் அது. மாவு விலை என் கையில் இல்லை. ரொட்டி விலையை ஏற்றினால் கோப்பிக் கடைகளில் எடுக்க மாட்டார்கள். கடையை மூடிவிடலாமா என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தது உன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அன்று லோரியிலிருந்து இறக்கிய கட்டைகளில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாய். தொப்பென்றது. அடுப்புக்குப் பின்னால் எப்போதோ விழுந்து கிடந்த இரண்டை எடுத்துத் தட்டினாய். டக்கென்றது.

"கேட்டீங்களாக்கா? நான் கொண்டாறது பச்சை. இத அப்படியே போட்டா நெருப்பு மொதல்ல உள்ள இருக்கிற தண்ணியத்தான் காய்ச்சும். கூரைக்குக் கீழ ஒன்றரை மாசம் அடுக்கி வைங்க. பாதி விறகு போதும்லா."

"பாதி விறகு போதும்னா உன் லோரிக்கு யாரு எண்ணெ ஊத்துறது?" என்றேன்.

"கடையே மூடிட்டீங்கன்னா நான் யாருக்கு விக்கிறது?" என்று சிரித்தாய். பிறகு கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்ததைக் காட்டினாய். "பொகைங்கறது எரியாத விறகுக்கா. காசு குடுத்து வாங்கி வானத்துக்கு அனுப்புறீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு வந்து, என் அடுப்பின் ஒற்றைத் தகரக் கதவைக் கழற்றி எறிந்தாய். இரண்டு தகடுகளுக்கு நடுவே சாம்பல் அடைத்த கனமான கதவு ஒன்றை நீயே செய்து கொண்டுவந்திருந்தாய். சுற்றிலும் களிமண் பூசினாய். விறகு அடுக்குகளில் எது எந்த வாரம் வந்தது என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தாய். இரண்டு மாதத்தில் நீ வருவது பாதியாகக் குறைந்தது. கடை பிழைத்தது.

காலையில் ரொட்டி எடுத்த பிறகும் மத்தியானம் வரைக்கும் அடுப்பில் சூடு நின்றது. அதையும் வீணாக்கக் கூடாது என்பாய். கிறிஸ்துமஸ் வந்தால் உன் மனைவி கேக் மாவை டின்களில் ஊற்றி எடுத்து வருவாள். ரொட்டி முடிந்ததும் உள்ளே வைப்பேன். ஒரு சுள்ளிகூடப் போடாமல் கேக் வெந்துவிடும். அடுப்பு மேட்டில் எங்கள் மஞ்சள் பூனை நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கும்.

இதுவரைக்கும் நன்றாகவே எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியதற்குத்தான் கை வர மாட்டேன் என்கிறது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலம். காய்ந்த அடுக்கு கொல்லைக் கோடியில் இருந்தது. மழையில் நனைந்துகொண்டு போக எனக்குச் சோம்பல். நீ அந்த வாரம்தான் இறக்கிவிட்டுப் போன பச்சை விறகு கதவோரம் கிடந்தது. அதை எடுத்துப் போட்டேன். அடுப்பு புகைந்ததே தவிர சூடு ஏறவில்லை. ரொட்டி மேலே சிவந்து உள்ளே களியாக இருந்தது. கோப்பிக் கடைகள் அத்தனையும் திருப்பி அனுப்பின. டோபிக் கடைக்காரர் நாலைந்து பேர் முன்னால் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். என் சோம்பல்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம்.

"அந்த லோரிக்காரன் தண்ணிய விறகுன்னு விக்கிறான்," என்றேன். "வாங்கி நாமளே காய வச்சுக்கணுமாம்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வாய்த்துடுக்கு என்று ஊருக்கே தெரியும். அன்று அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நீயே மறைக்காமல் சொன்ன உண்மையை எடுத்து உன்மேலேயே வீசியிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. அப்போதும் ஓடிப்போய்த் திருத்தவில்லை.

விறகு விற்கிறவனே விறகைக் குறை என்கிறானே, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்ற சந்தேகம் முன்பே மற்றவர்களுக்கு உண்டு. என் பேச்சு அதற்கு விடை மாதிரி ஆகிவிட்டது. ஒரே மாதத்தில் தெரு முழுக்க வேறு லோரிக்கு மாறியது. சொன்னவள் மாறாமல் இருக்க முடியுமா? நானும் மாறினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை.

அந்த வருஷமும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் உன் மனைவி இரண்டு டின்களோடு வாசலில் வந்து நின்றாள். டோபிக் கடைக்காரர் ரொட்டி வாங்க நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே உன் வீட்டுக் கேக்கை வாங்கி வைத்தால் என் பேச்சு பொய் என்று ஆகிவிடும்.

"அடுப்பு ஆறிப்போச்சும்மா," என்றேன்.

அவள் திரும்பி, தெருவில் லோரியில் இருந்த உன்னைப் பார்த்தாள். நீ லோரியிலிருந்து இறங்கி வந்தாய். அடுப்பின் செங்கல் சுவரில் உள்ளங்கையை வைத்தாய். அண்ணாந்து பார்த்தாய். அடுப்பு மேட்டில் பூனை சுருண்டு படுத்திருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நீ மனைவியிடம், "ஆமா, ஆறிப்போச்சு. வா," என்றாய். டின்களை நீயே வாங்கிக்கொண்டு நடந்தாய்.

லோரியை விற்றுவிட்டு அலோர் ஸ்டார் பக்கம் வேலைக்குப் போய்விட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன்னை அனுப்பிவிட்டு, நீ சொன்ன அத்தனையையும் நான் வைத்துக்கொண்டேன். எண்பதுகளில் மேசை நாற்காலி செய்யும் பலகைக்காரர்கள் கித்தா மரத்தை வாங்கத் தொடங்கியதும் விறகு கிடைப்பதே குதிரைக் கொம்பானது. பச்சையாகக் கொட்டி எரித்தவர்கள் தவித்தார்கள். என் கடை நின்றது. எப்படி என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் யோசனை," என்றேன். அவரும் மறுக்கவில்லை.

ஒரு தடவை அலோர் ஸ்டார் பஸ் நிலையத்தில் எதிரெதிரே வந்துவிட்டோம். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியவன் நீ. திருப்பிக்கொள்ளப் பார்த்தது நான். "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று நீதான் முதலில் கேட்டாய். "கதவு மண்ணு வெடிக்குதா? உமி கலந்து பூசுங்க, நிக்கும்." என் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல அது போதும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? உமி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். சுற்றிலும் நெல்வயல் இருக்கிற ஊரில் நின்றுகொண்டு.

நீ சிரிக்காமல் ஓர் ஆலைக்கு வழி சொன்னாய். வாங்கிப் பூசினேன். கடையை மூடிய நாள்வரை அந்த மண் வெடிக்கவில்லை.

உன் மரண அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்தேன். அடக்கத்துக்குப் போகவில்லை. போனால் உன் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் கிளம்பும்போது என் மகளிடம், "அணைச்சதுக்கு அப்புறமும் உள்ள சூடு நிக்கும்க்கா, அத வீணாக்காதீங்க," என்றாள். எனக்குத் தெரிந்ததுதான் என்று முணுமுணுத்துவிட்டேன் போலிருக்கிறது. "உங்களுக்கு யாரும்மா சொன்னா?" என்று மகள் கேட்டாள். வழக்கம்போல அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். உன் பெயர் வந்தது. யார் அது என்றாள். விறகுக்காரர் என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மீதியை உனக்குச் சொல்கிறேன். அன்று அடுப்பு ஆறவில்லை, தம்பி. நல்ல சூடு. இரண்டு டின்னும் தாராளமாக வெந்திருக்கும்.