மேகத்துக்குப் பின்னால் போன கை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அப்பாவின் முட்டிவலி எங்களைவிட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடங்களை வீடியோவாக எடுப்பது என்று முடிவாகி, மழை எப்படி உண்டாகிறது என்று நான் கேமரா முன் நின்று சைகையில் நடத்திக் கொடுத்தேன். அதில் அனிமேஷன் சேர்க்கும் பொறுப்பு கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பம்பரம், அவர் கை பட்டால் எல்லாம் சுற்றும். இலவச சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு அந்த மகானுபாவர் சூரியனைச் சுற்றவிட்டார், எழுத்துகளைக் குதிக்கவிட்டார், பெரிய மேகம் ஒன்றை மிதக்கவிட்டு என் வலது கையை மறைத்தார். கை மறைந்தால் பேச்சில் பாதி போச்சு. அதோடு விட்டாரா, பின்னணி இசை வேறு! யாருக்கய்யா இசை என்று கேட்டால், "ஒரு கெத்தா இருக்கட்டும்னு போட்டேன் டீச்சர்" என்கிறார். உன் தங்கையும் அந்த வகுப்புதானே. எல்லாரும் சூரியனைப் பார்த்துச் சிரித்தார்கள், என் கையைப் பார்க்க ஒரு கண்கூட மிச்சமில்லை. வீட்டுக்கு வந்து, தனக்கு ஒன்றுமே புரியவில்லை, தான் மக்கு என்று சைகை காட்டி அழுதாள். தலைமையாசிரியையிடம் போய் நின்றால், பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டுதானே பார்த்தாங்க, இனி எல்லாப் பாடமும் இப்படியே இருக்கட்டும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சரிதான் போ என்று நானே வீடியோவைத் திருத்த உட்கார்ந்தேன். உன்னிடம் யோசனை கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், "கையும் படமும் ஒண்ணா வந்தாத்தாம்மா விறுவிறுப்பா இருக்கும்." விளம்பரங்களுக்குப் படம் ஆட்டி ஆட்டி உன் புத்தியும் பம்பரமாகிவிட்டது. உனக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கக் காது இருக்கிறது, அவர்களுக்குக் கேட்பதும் கண்ணால்தான் என்பது உனக்குமா நான் சொல்லவேண்டும்? அந்த சாஃப்ட்வேரில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. துளி புறப்படும் இடத்தில் ஒரு குறி, போய்ச் சேரும் இடத்தில் ஒரு குறி வைத்தால் நடுவழியை அதுவே பார்த்துக்கொள்கிறது. நான் சொல்லிவிட்டுக் கையை இறக்கியதும் என் படத்தை அப்படியே நிறுத்தினேன், அதன் பிறகுதான் துளி மேலே ஏறும், துளி நின்ற பிறகுதான் என் கை மறுபடி எழும். இதைப் பார்த்துவிட்டுப் பம்பரம், "டவுன் பஸ் மாதிரி நின்னு நின்னு போகுதே" என்று இளித்தார். அதையே வகுப்பில் போட்டேன். முடிந்ததும் உன் தங்கை எழுந்து முன்னால் வந்து பாடம் முழுவதையும் தன் கையால் திருப்பிச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த தலைமையாசிரியை அன்றைக்கே உத்தரவை மாற்றிவிட்டார். இப்போது என் வீடியோ பிள்ளைகளுக்கு, அவருடையது பள்ளிக்கூடத்தைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு. போடட்டுமே, அவர்களுக்குத்தான் காது கேட்குமே.

அந்தப் பாடத்தை அண்ணனுக்குச் சொல்லவேண்டும் என்று உன் தங்கை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலைசீவி உன் வீடியோ காலுக்காக உட்கார்ந்திருந்தாள். நீ ஒரு கையில் போனும் மறு கையில் காபியுமாக நடந்துகொண்டே வெறும் முகத்தைக் காட்டினாய். அவள் சொல்லி முடித்ததும் திரையில் பலூன் பறக்கவிட்டாய், பெரிய சாமர்த்தியம். போனை வைத்ததும், அண்ணனுக்குக் கை மறந்துபோச்சா என்று என்னைக் கேட்டாள். வேலை அதிகம் என்று புளுகினேன், அவள் நம்பவில்லை.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும். திட்டியதை மனதில் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. வரும் ஞாயிறு போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையும் தெரிகிற மாதிரி தள்ளி உட்கார். பலூன் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா