ரேடியேட்டரில் மஞ்சள்

ஜூலை 6, ஞாயிறு. காலையில் மூடுபனி, பிறகு மழை.

எழுத்து கோணல், வரி மேலே ஏறுகிறது. மன்னிக்க வேண்டியவனும் நானே, வேறு யாரும் படிக்கப் போவதில்லை. இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டதே பெரிது. 'ரேடியேட்டர்' என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது.

மகள் செல்வி வரும் சனிக்கிழமை குவைத்திலிருந்து வருகிறாள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு என் காரிலேயே போய் அழைத்து வர ஆசை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிய காலமெல்லாம் வழிப் போர்டு ஒன்றும் படிக்கத் தெரியாது. இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்துக்கொண்டே போக வேண்டும்.

ஒத்திகைக்கு இன்று லிந்துலை வரை ஓட்டிப் பார்க்க நினைத்தேன். கிளம்புமுன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கப் போனேன். மனைவி வள்ளியின் தம்பி பெருமாள் தடுத்தான். "நான் பாத்துட்டேன் மச்சான், நீங்க ஏறுங்க." ஏறினேன்.

ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பில். ஆவி. நின்றுவிட்டது. ஆறவைத்தும் ஸ்டார்ட் இல்லை. டிராக்டர் கட்டி இழுத்து வந்தோம். டிராக்டரை அவிழ்த்ததும் பெருமாள் வாசல் வரை தள்ளினான், பாவம்.

ஜூலை 7, திங்கள். விடாத மழை.

பெருமாள் பெட்டரி என்றான். பக்கத்து லயத்து வீட்டுக்காரரிடம் பெட்டரி இரவல் வாங்கினோம். இஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, பிடிக்கவில்லை. அப்போ பெற்றோல் பம்ப் என்றான். கழற்றினேன். பெற்றோல் வருகிறது. பிளக்கில் பொறி இருக்கிறது. ஒரு பிளக் மட்டும் தண்ணீராக ஈரம். மழைத் தண்ணீர் என்றான்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனால், இடுப்பு வலியோடு குனியாதீங்க என்று வாளியை வாங்கிக்கொண்டு அவனே ஊற்றினான். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். வள்ளி இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

சளி பிடித்துவிட்டது. கொத்தமல்லி, சாம்பிராணி வாங்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய். கொஞ்சம் வெயில்.

கொட்டகலையிலிருந்து மெக்கானிக் சுனில் பாஸ் வந்தார். பெருமாளைக் காணோம். பாஸ் ஒயில் கம்பியை இழுத்துக் காட்டினார். பால் தேத்தண்ணி நிறம். ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, சூட்டில் இஞ்சினின் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார்.

பிறகு ரேடியேட்டர் மூடி. உள்ளே மஞ்சள் சேறு. விரலில் தொட்டு மணந்தேன். கறி வாசம்.

மலை ரோட்டு டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், பட்டறை வரை ஓட்டை அடைபடும். இங்கே கை கையாக அள்ளிப் போட்டிருக்கிறது. ஓட்டையோடு குழாயெல்லாம் அடைபட்டு, தண்ணீர் ஓட வழியில்லாமல் வெந்திருக்கிறது. பாஸ் சிரித்தார். "ஐயா, இது காரா, கறிச் சட்டியா?" நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

வீட்டுக்குள் போய் மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். காலி.

வள்ளி மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அரிசி வாங்கக் கொட்டகலைக்கென்று காரை வாங்கிப் போன பெருமாள், கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் சுற்றப் போயிருக்கிறான். வழியில் கல்லடித்து ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது. இருட்டுமுன் வந்து அக்காவிடம் மஞ்சள் கேட்டிருக்கிறான்.

"அவன் பயந்துட்டான். மச்சான்கிட்ட சொல்லாதக்கான்னு கைய புடிச்சுக்கிட்டு அழுதான்."

"நான் மழையில நனஞ்சு நனஞ்சு பிளக்க கழட்டுனத பாத்துக்கிட்டுதான இருந்த?"

"பாத்தேன்."

அவ்வளவுதான். அவன் பயந்தவன், விடலாம். இவள் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் நின்றவள்.

ஜூலை 9, புதன். மழை.

செல்வி வருமுன் கார் சரியாகாது. பஸ்ஸில் போகிறேன்.

காலையில் பெருமாள் வாசலுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்து நின்றான். "பெட்டி தூக்க நானும் வரேங்க மச்சான்." வேண்டாம் என்றேன். வள்ளியும் புதுச் சேலையை எடுத்து வைத்திருந்தாள். அவளுக்கும் அதே பதில். அவள் சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். நான் பதிலை மாற்றவில்லை.

மத்தியானம் செல்வி போன். "அப்பா, நம்ம கார்லயா வர்றீங்க? அம்மா, மாமா எல்லாரும் வர்றாங்கதானே?"

நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மாமா என்றால் அவளுக்கு உயிர். அம்மா என்றால் அதற்கும் மேல். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பாள். என்ன சொன்னேன் என்பதை அடுத்த கிழமை இதில் எழுதுகிறேன். இப்போது எனக்கே தெரியாது.