பிப்ரவரியில் போட்ட கிறிஸ்துமஸ் படங்கள்

மரியே வாழ்க

சாந்தோம்,
16.11.1999

அன்புள்ள ஜொவிட்டா அப்பாவுக்கு,

ஆனி எழுதிக்கொள்வது. நானும் ஜொவிட்டாவும் சுகம். சிங்கப்பூரில் உங்கள் இருமல் குறைந்ததா? ஈமெயிலை ஜொவிட்டாவும் திறந்து படிக்கிறாள். இது அவள் படிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. முன்னறையில் கம்ப்யூட்டருக்கு மேலே ஒழுகியது. மேசையை நானும் கார்டு வேலைக்கு வருகிற நம் கலீமுல்லாவும் தள்ளிப் போட்டோம். கிறிஸ்துமஸ் கார்டு ஆர்டர்கள் வர ஆரம்பித்துவிட்டன. பங்குச் சாமியும் கோயில் கார்டை நம்மிடமே கொடுத்திருக்கிறார். டிசம்பர் ஐந்தாம் தேதிக்குள் வேண்டுமாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கார்டில் சேர்க்கிற கிறிஸ்துமஸ் படங்கள் இருக்கிற பேக்கேஜை வருஷா வருஷம் நவம்பரில் நீங்கள் கம்ப்யூட்டரில் போடுவீர்கள், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எடுத்துவிடுவீர்கள். இடத்தை அடைக்கிறது என்று சொல்வீர்கள். இந்த ஜனவரியில் நீங்கள் எடுத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வருஷம் அதைப் போடுகிற வேலை என் தலையில். போன வாரம் சிடியைச் செருகி, கறுப்புத் திரையைத் திறந்து, எதைப் போடவும் எடுக்கவும் மெஷின் கேட்கிற ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்து, நீங்கள் நோட்டில் எழுதி வைத்த வரியைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அது ஏற்கெனவே இருக்கிறது என்று மெஷின் சொன்னது. நான் போடவில்லை. அப்படியானால் யார் போட்டது?

என் புத்தி உங்களுக்குத் தெரியும். உடனே கலீமுல்லா மேல்தான் போனது. பாஸ்வேர்டை எப்படியோ தெரிந்துகொண்டு, நான் மார்க்கெட் போகிற நேரத்தில் வேறு யாருக்கோ கார்டு அடித்துக் கொடுக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். கேட்டேன். ஃபிரெட்ரிக் சார் அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல இன்னா அடிப்பாருன்னு நான் பாத்ததே இல்லக்கா, எனக்கு மவுச தவிர ஒண்ணும் தெரியாதுக்கா என்றான். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் கீபோர்டைக் கழற்றி, பீரோவில் என் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அவன் வந்து, கீபோர்டு இல்லாத மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் வரவில்லை.

அப்புறம்தான் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எந்தெந்த பேக்கேஜ் எந்தத் தேதியில் போடப்பட்டது என்று வரிசையாகக் காட்டுகிற கமாண்ட் ஒன்று எழுதியிருந்தீர்கள். திருடனைத் தேதியோடு பிடிக்கலாம் என்று அடித்தேன். பட்டியல் நீளமாக வந்தது. பிரிண்டரில் எடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

நீங்கள் விமானம் ஏறிய பிறகு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு துரும்புகூடச் சேரவில்லை. பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகப் போட்டவை ஏழு. புது எழுத்துருக்கள், ஃபேக்ஸ், தானாகக் காப்பி எடுத்து வைக்கிற புரோகிராம், அவற்றோடு கிறிஸ்துமஸ் படங்கள். ஏழும் ஒரே நாளில், பிப்ரவரி பதினொன்று, வியாழக்கிழமை.

அன்றைக்கு லூர்து மாதா திருநாள். நானும் ஜொவிட்டாவும் பெரம்பூருக்குப் போனோம். உங்களுக்குக் காய்ச்சல், வரவில்லை என்றீர்கள். நான் கஞ்சி வைத்து மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கஞ்சி அப்படியே இருந்தது. பாவம், வாய் கசந்திருக்கும் என்று நினைத்தேன்.

சிங்கப்பூர் வேலையைப் பற்றி நீங்கள் சொன்னது மார்ச் கடைசியில். திடீரென்று கூப்பிடுகிறார்கள், கம்ப்யூட்டர்களில் இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினை, மூன்றே மாதம், ஜூலையில் தோமையார் திருநாளுக்கு வந்துவிடுவேன் என்றீர்கள். நானும் நம்பி ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன். ஜூலை போய் செப்டம்பர் என்றீர்கள். இப்போது பார்க்கலாம் என்கிறீர்கள்.

ஜூலையில் திரும்புகிற மனுஷர், தவக்காலம்கூடத் தொடங்காத பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் படங்களை எதற்குப் போட்டு வைப்பார்? இடத்தை அடைக்கிறது என்று ஒரு மாதம் முன்புதான் எடுத்தீர்கள். நான் ஒருத்தியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்படி அந்தப் பெட்டியைத் தயார் செய்திருக்கிறீர்கள். வீட்டுக்குள் இருந்த விஷயத்துக்கு நான் கலீமுல்லாவைச் சந்தேகப்பட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ராயப்பேட்டைக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா டீ கொடுத்தார்கள். பாஸ்வேர்டையும் சொல்லிவிடுகிறேன், வா என்றேன். அது இன்னாத்துக்குக்கா, கீபோர்ட மட்டும் வெளிய வெச்சுட்டுப் போ, போதும் என்று சிரித்தான். நேற்றிலிருந்து வருகிறான். பட்டியலைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை, ஜொவிட்டாவிடமும் சொல்லவில்லை. அப்பா நட்சத்திரம் கட்ட வருவாரா என்று அவள் கேட்கிறாள். மழை நிற்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் செய்துவிட்டேன். இன்று காலை அந்தக் கிறிஸ்துமஸ் பேக்கேஜை நீக்கிவிட்டேன். ஒரே வரிதான். நிச்சயமா என்றுகூடக் கேட்காமல் போய்விட்டது. சிடி மேசை மேலேயே இருக்கிறது. திரும்பப் போடவும் ஒரே வரிதான், எனக்குத் தெரியும். ஆனால் நான் போட மாட்டேன். கோயில் கார்டு நின்றாலும் நிற்கட்டும், பங்குச் சாமியிடம் நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன். நவம்பரில் அதைப் போடுவது இந்த வீட்டில் உங்கள் வேலை. நீங்கள் வந்து போடுங்கள்.

வருவதாக இல்லையென்றால் உங்கள் கையால் எனக்கு எழுதிவிடுங்கள். மெஷினிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இனிமேல் என்னால் முடியாது.

மழையில் நனையாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் மாதா உங்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள்
ஆனி