சலவைக் கடைச் சுவரில் மூன்று கைப் பெண்

அன்புள்ள மகள் யேசெனியாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முதுகுவலியையும் என் வேனின் கியர்பாக்ஸையும் விட்டால் இங்கே எல்லோரும் நலம், சிகாகோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். முப்பத்தெட்டு வயசுக்காரன் பத்தொன்பது வயசு மகளுக்குக் கடிதம் எழுதுவானா, போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். போனில் உன் அம்மா என்னைப் பேச விட்டால்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். டான் ஃபெர்மினின் சலவைக் கடைச் சுவரில் அம்மாவின் பெண்கள் குழு ஓவியம் வைக்கப்போவது உனக்குத் தெரியும். ஞாயிறு மதியத்துக்குள் முடியாவிட்டால் சுவரை பீர் விளம்பரத்துக்கு விட்டுவிடுவேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே உன் தங்கை நயேலி பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் பீர் பாட்டிலும் நீச்சலுடைப் பெண்ணும்தான். வேலைக்குப் போகிறவர்கள் பகலெல்லாம் சாரத்தில் நிற்க முடியாது, அதனால் படத்தைக் கட்டம் கட்டமாகத் துணியில் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள், அவரவர் சமையலறை மேசையில் வரைந்து கொண்டுவர வேண்டும், கடைசியில் சுவரில் பசை போட்டு ஒட்ட வேண்டும். சாரம் கட்டியதும் மட்டம் பார்த்ததும் நான். நல்ல முறைதான், ஆனால் யார் என்ன வரைகிறார்கள் என்று நடுவில் ஒருவர் போய்ப் பார்க்கவேண்டாமா? சொன்னேன். நீ உன் ஏ.சி. வேலையைப் பாரு என்றாள் உன் அம்மா.

படத்தில் ஒரு பெரிய பெண், தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். இடது கை கொடியில். வலது கையில்தான் சண்டை. சட்டையை உதறுகிற கைதான் வேண்டும், அந்த வேலையில்தான் உங்களை வளர்த்தோம், அதில் என்ன கேவலம் என்றது சோளமாவுத் தமாலே அவித்து விற்கிற வண்டி வைத்திருக்கும் செலோ அத்தை கட்சி. மேலே தூக்கிய கை, அதில் தூரிகை என்றது நயேலி கட்சி. சுவத்துல ஏறியும் துணிதான் துவைக்கணுமா என்று கேட்டாள் உன் தங்கை, வாய் உன்னுடையதேதான். முடிவாகாமலே கூட்டம் கலைந்தது. சனிக்கிழமை துணிகளைப் பிரித்தால் மேல் கட்டத்தில் ஒரு வலது கை, கீழ்க் கட்டத்தில் ஒரு வலது கை. இரண்டு கட்சியும் விட்டுக்கொடுக்காமல் வரைந்து வைத்திருக்கிறது. நான் நேராகவே சொன்னேன், மனுஷிக்கு மூன்று கை கிடையாது, சீட்டுக் குலுக்கி ஒன்றின் மேல் நீலம் அடித்து வானமாக்குங்கள் என்று. அதுவரை முகம் கொடுத்துப் பேசாமல் நின்ற இரண்டு கட்சியும் சேர்ந்து என் பக்கம் திரும்பியது. ஏம்ப்பா அன்செல்மோ, உன் பொண்டாட்டி ரெண்டே கையிலயா குடும்பம் ஓட்டுறா, நல்லா எண்ணிப் பாத்தியா என்றாள் செலோ. அப்பா, நீ ஏணிய மட்டும் புடி என்றாள் நயேலி. பிடித்தேன். செலோவின் கட்டத்துக்கு நயேலி பசை தடவினாள், நயேலியின் கட்டத்தைச் செலோ சாரத்தில் ஏறி அழுத்தினாள், அந்த உடம்போடு. என் சாரம் தாங்கியது, அதையும் யாராவது சொல்லலாம்.

ஞாயிறு மதியம் டான் ஃபெர்மின் விளம்பரக்காரனைக் கூடவே கூட்டி வந்தார். நிமிர்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மூணு கை இருக்கே கிராசியேலா என்றார். ஆமா, உங்க கடையில துணி மடிக்கிறவங்களுக்கு அதுவே பத்தாது என்றாள் அம்மா. மடித்துக்கொண்டிருந்த பெண்கள் துணியோடு வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். அவர் விளம்பரக்காரனிடம் வேற சுவர் பாருப்பா என்றார், அவ்வளவுதான், தெருவில் போன கார்களெல்லாம் ஹாரன் அடிக்கிற அளவுக்குக் கூச்சல். நானும் கத்தினேன், தொண்டை இன்னும் சரியாகவில்லை. நேற்று மருந்துக் கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார், அவர் சுவரும் காலியாம், ஆனால் என்ன வரையப்போகிறீர்கள் என்று முன்னாடியே காட்டவேண்டுமாம். நீங்க சுவத்தக் காட்டுங்க, போதும் என்றாள் உன் அம்மா. காட்டிவிட்டார்.

போட்டோ இதோடு வருகிறது. உன் அறைத்தோழிகள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதே. குவாதலூப்பே அன்னை உன்னைக் காக்கட்டும், படிப்பு நன்றாக முடியட்டும். ஹீட்டர் ஃபில்டரை மாற்று, மாற்றிவிட்டேன் என்று பொய் சொல்லாதே.

உன் அப்பா,
அன்செல்மோ